ஐந்நூறு கிராம்

ரோஸ்விதா எடைக்கட்டியைத் துப்பாக்கியின் விசையில் மாட்டினாள். மேசைக்கு எதிரே நின்ற அவள் புருஷன் ஓட்மாருக்கு முகம் வெளிறிப் போயிருந்தது.

கிளப்பின் துப்பாக்கி சுடும் போட்டி முடிந்த கையோடு சீட்டுக் குலுக்கியதில், மறுசோதனைக்கு அவன் பெயர் வந்துவிட்டது. துப்பாக்கியைப் பெட்டியில் வைக்கக்கூட விடாமல் நேரே கூட்டி வந்துவிட்டார்கள்.

விசை லேசாக இருந்தால் குறி அசையாமல் சுடலாம்; அதனால் அது ஐந்நூறு கிராமைத் தாங்க வேண்டும் என்பது விதி. தாங்காமல் 'டக்'கென்று விழுந்தால் சுட்டதெல்லாம் செல்லாது. மாநிலப் போட்டிக்குப் போகும் ஒரே இடம், ஒரு புள்ளியில் பின்தங்கிய அல்பனுக்குப் போய்விடும். அல்பன் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தான், கையில் பாதி கடித்த சாசேஜோடு.

அந்தக் கிளப்பில் சோதனை மேசை பல வருஷமாக ரோஸ்விதாவுடையது. காலையில் ஒவ்வொரு துப்பாக்கியாக எடை பார்ப்பாள். பார்த்து முடித்ததும் விசைத் திருகாணியின் தலையில் தன் சிவப்பு நகச்சாயத்தால் ஒரு பொட்டு வைப்பாள். அப்புறம் யாராவது அதைத் திருகினால் பொட்டு விரிசல்விட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். ரோஸ்விதா பொட்டு வைத்தால் வைத்ததுதான் என்று பக்கத்து ஊர்க்காரர்கள்கூடச் சொல்வார்கள்.

அந்தப் பொட்டை ஏமாற்றத்தான் ஓட்மார் அவளுடைய சமையலறையைப் பட்டறையாக்கியிருந்தான்.

முதலில் கைப்பிடி வேலை மட்டும்தான் என்று நினைத்தாள். அந்த ஊரில் வீட்டுக்கு வீடு நடப்பதுதானே. உள்ளங்கைக்குச் சரியாகப் பொருந்தும்வரை மரத்தில் பட்டிப் பசையை அப்புவான், அழுத்துவான், அரத்தால் ராவுவான், மறுபடி அப்புவான். பட்டியை வழவழப்பாக்க விரலில் எச்சில் தொட்டுக்கொள்வான். சீ! அதே விரலால் ஊறுகாய் ஜாடியில் துழாவுவான். உருளைக்கிழங்கு சாலட்டில் மரத்தூள் நறநறத்தது. வியர்வையும் பட்டியும் கலந்த நாற்றம் ஜன்னல் திரையில்கூட ஏறிவிட்டது.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள்.

நேற்றுச் சாயங்காலம் அவன் கைப்பிடியைத் திருப்பிக் காட்டியபோதுதான் பொறுமை போயிற்று. அடியில் ஓர் ஊசி நுழையும் அளவுக்கு ஓட்டை. அதை மூட, மரத்தின் நிறத்திலேயே ஒரு சின்ன மூடி. திறந்து, மெல்லிய சாவியை விட்டு மூன்று சுற்றுச் சுற்றினால் உள்ளே விசை தளர்ந்துவிடும். வெளியே திருகாணியை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

"உன் பொட்டு அப்படியே இருக்கும், ரோஸி! உன் பொட்டை வெச்சே உன் மேசையைத் தாண்டிருவேன்!"

பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அவள் மெச்சுவாள் என்று காத்திருந்தான். திருட்டைக்கூட மன்னித்திருப்பாள், அந்தக் காத்திருப்பைத்தான் அவளால் சகிக்க முடியவில்லை.

அவள் பாத்திரம் கழுவத் திரும்பினாள். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு, சீட்டியடித்தபடி குளிக்கப் போனான்.

இன்று காலை அவன் துப்பாக்கியையும் எடை பார்த்துப் பொட்டு வைத்தாள். அவன் பெட்டியோடு கார்வரை போய்த் திரும்பியதையும் பார்த்தாள். அதன்பிறகு ஓட்மார் தன் ஆயுளில் சுடாத அளவுக்குச் சுட்டான்.

இப்போது குழல் மேலே பார்த்திருக்க, துப்பாக்கியை மெதுவாகத் தூக்கினாள். எடைக்கட்டி மேசையை விட்டுக் கிளம்பியது. அந்தரத்தில் லேசாக ஆடியது. ஓட்மார் கண்ணை மூடிக்கொண்டான்.

விசை அசையவில்லை.

எல்லோரும் பார்க்கட்டும் என்று இன்னொரு தடவை தூக்கிக் காட்டினாள். அப்போதும் அசையவில்லை. "சரியா இருக்கு," என்றாள். அல்பன் சாசேஜை வாயில் கவ்விக்கொண்டு கைதட்டினான்.

கூட்டம் பீர் பக்கம் நகர்ந்ததும் ஓட்மார் மேசையைச் சுற்றி வந்தான். அவள் கழுத்தில் ஈரமாக ஒரு முத்தம் வைத்தான்.

"கட்டைவிரலைக் குடுத்துத் தாங்கிட்டியா? கிட்ட நின்ன எனக்கே தெரியலடி! பதட்டத்துல, அவ்ளோ தளர்த்தியும் விசை எனக்குக் கனமாத்தான் இருந்துச்சு. தளர்த்தாம வந்திருந்தா என் கதி என்ன ஆயிருக்கும்? இனிமே நாம ரெண்டு பேரும் ஒரே கட்சி!"

அவன் போன பிறகு கழுத்தைத் துணியால் துடைத்தாள். தோல் சிவக்கும்வரை துடைத்தும் அருவருப்பு போகவில்லை.

நேற்று அவன் குளித்துக்கொண்டிருந்தபோது கைப்பிடியைக் கழற்றியது அவள்தான். அந்தச் சாவிக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே மிளகளவு இரும்புக் குண்டு ஒன்று இருந்தது. அதை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் பழையபடி மூடி வைத்தாள். குண்டு பாத்திரம் கழுவிய தண்ணீரோடு போயிற்று. அதற்கப்புறம் மூன்று சுற்றென்ன, முப்பது சுற்றுச் சுற்றினாலும் சாவி வெறும் காற்றில்தான் சுற்றும்.

தோற்று அவமானப்படட்டும் என்றுதான் எடுத்தாள். படுபாவி, நியாயமாகச் சுட்டு ஜெயித்துவிட்டான். ஆனால் திருடித்தான் ஜெயித்தோம் என்று குதிக்கிறான். போதாததற்கு அவளையும் கூட்டுக் களவாணி ஆக்கிவிட்டான்.

உண்மையைச் சொல்லலாம்தான். சொன்னால் கண்ணடிப்பான். கழற்றிப் பார் என்றாலும் பார்க்க மாட்டான்.

ஜெயித்த துப்பாக்கியை அந்த ஊரில் யாரும் கழற்றுவதில்லை.