வெட்டுத்துணி

நகராட்சிப் பெட்டியைத் திறந்ததும் குமாஸ்தாவுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. உள்ளே விளிம்பு வரை வெட்டுத்துணி.

இளவட்டங்கள் இடுப்பில் செருகித் திரியும் கத்தியைப் போட்டுவிட்டுப் போகட்டும் என்று வைத்த தகரப் பெட்டி அது. யார், எவர் என்ற கேள்வி கிடையாது. முதல் வாரம் ஒன்றும் விழவில்லை. இரண்டாம் வாரமும் அதே கதி.

"இந்த வெள்ளியும் காலின்னா பெட்டியைத் தூக்கிடுவேன். யோசனை சொன்ன உங்களையும் சேர்த்து" என்றிருந்தார் ஆணையர்.

குமாஸ்தா ஒரு துண்டை எடுத்துப் பார்த்தார். நீலத் துணியில் சாக்குக்கட்டிக் கோடு. எதிரே தையல் கடை. துப்புத் துலக்க வேறென்ன வேண்டும்?

"ஏம்மா, இது உங்க வீட்டுக் குப்பைத்தொட்டியா?"

தையல்காரம்மா மிஷினை மிதித்துக்கொண்டே சொன்னார். "இல்லீங்க சார். அது இதைவிடப் பெருசு."

"நக்கலா? நீங்கதானே போட்டீங்க?"

"நானேதான். ரெண்டு கோணிப்பை."

"ஊருக்கு ஒரு நல்லது நடந்தா உங்களுக்குப் பொறுக்காதே! அதுவும் எதிர்க்கவே உக்காந்துக்கிட்டு..."

"எதிர்க்க உக்காந்திருக்கறதாலதான் சார் தெரிஞ்சுது. போன வாரம் ஒரு பையன் வந்தான். கத்தி தகரத்துல பட்டதுதான் தாமதம், ணங்குன்னு ஒரு சத்தம். சலூன்ல முகமெல்லாம் சோப்பா இருந்தவர்கூட எந்திரிச்சு வந்து வேடிக்கை பாத்தார். அவன் கத்தியை வெளிய உருவிக்கிட்டு ஒரே ஓட்டம்."

குமாஸ்தா பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"தெருவே திரும்பிப் பாத்தா எவன் சார் போடுவான்? அதான் மெத்தை போட்டு வெச்சேன். கத்தி மேல கத்தி விழுந்தாலும் சத்தந்தான். அதனால காலையில கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம். இப்பப் போட்டவனுக்கே கேக்காது."

குமாஸ்தா பெட்டிக்கு ஓடினார். துணியை மெல்ல விலக்கினார். ஒன்று. கீழே இன்னொன்று. அதற்கும் கீழே...

மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். "ஒம்பதும்மா! ஒம்பது கத்தி!"

தையல்காரம்மா மிஷினை நிறுத்தினார். "அதுல பிடியில சிவப்பு நூல் சுத்தினது ஒண்ணு இருக்கா சார்?"

"இருக்கே. ஏன்?"

"அப்ப இன்னைக்குத்தான் என் பையன் பள்ளிக்கூடத்துக்கு வெறுங்கையோட போயிருக்கான்."