ஆள் வராத கல்லறை

ஓங்கின கடப்பாரையோடு நின்றேன். வாசல் கேட் பக்கமிருந்து ஹெப்சி கத்திக்கொண்டே ஓடி வந்தாள்.

“நிறுத்துங்க தாத்தா, அதுக்கு ஆள் இருக்கு.”

ஆள் இருந்தால் இத்தனை வருஷம் எங்கே போனார்கள்? கல்லறைத் திருநாள் வந்தால் தாம்பரத்தில் பாதி இங்கே பூவும் மெழுகுவத்தியுமாக வந்து நிற்கும். சரோஜினி என்று பேர் வெட்டின இந்தக் கல் மேல் ஒரு பூ விழுந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் சபையில் வழக்கம் இதுதான். ஆராதனையில் மூன்று வாரம் அறிவிப்பார்கள். சொந்தம் என்று எவரும் எழுந்திருக்காவிட்டால் குழியைத் திறப்போம். பழைய எலும்பை அடியில் வைத்து மூடி, மேலே புது ஆள். இடம் அவ்வளவுதான்.

அறிவித்தாயிற்று. எவரும் எழுந்திருக்கவில்லை. புது ஆள் வீட்டில் ஐஸ் பெட்டியில் கிடக்கிறார். சாயங்காலம் அடக்கம்.

இந்த ஹெப்சியை எனக்கு ஆகாது. காட்டாங்குளத்தூரில் காலேஜ் ஆபீசில் வேலை. லீவு விட்டால் போனைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு கல்லாகப் படம் எடுப்பாள். கல்லறைகளுக்கென்றே நெட்டில் ஒரு இடம் இருக்கிறதாம். இவளை மாதிரி ஆட்கள் ஊர் ஊராக எடுத்துப் போட்டே அது அவ்வளவு பெரிசாக வளர்ந்ததாம். சம்பளம் கிடையாதாம்.

சம்பளம் இல்லாமல் எவள் வெயிலில் நிற்பாள்? பிளாட் போடுகிறவனுக்கு நோட்டம் பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

போனை என் மூஞ்சிக்கு நேரே நீட்டினாள். சரோஜினியின் கல். இதைத் திறக்கப் போகிறார்கள், சொந்தக்காரர் இருந்தால் சொல்லுங்கள் என்று போன வாரம் இவள்தான் அடியில் எழுதினாளாம். அதற்குக் கீழே எவனோ பதில் எழுதியிருந்தான். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும். அவளே படித்தாள்.

ஆஸ்டின் என்று பேர். அம்மா செத்தபோது சின்னப் பையன். மாமா கோயம்புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். தாம்பரம் பக்கம் என்று மட்டும் ஞாபகம், எந்தக் கல்லறைத் தோட்டம் என்று சொல்ல ஆளில்லை. படம் இன்றைக்குக் காலையில்தான் கண்ணில் பட்டதாம். வண்டி ஏறிவிட்டேன், தொடாதீர்கள் என்று எழுதியிருந்தான்.

“எவன் வேணா எழுதலாம் இல்ல? அது எங்கம்மான்னு நான்கூடத்தான் எழுதுவேன்.”

“எழுதலாம் தாத்தா. இன்னொண்ணும் எழுதியிருக்கார், கேளுங்க.”

சிமெண்டு பூசின அன்றைக்கு, கொத்தனார் அந்தப் பக்கம் திரும்பினபோது, கால்மாட்டில் தன் நீலக் கோலியை அமுக்கி வைத்தானாம். அம்மாவுக்கு.

படத்தில் கால்மாடு தெரியாது. அங்கே மண் ஏறிப் புல் முளைத்துக் கிடக்கிறது.

கமிட்டிச் செயலாளர் தேவானந்தம் சார் வந்துவிட்டார். “ஜெயவேலு, இன்னுமா ஆரம்பிக்கல? செத்தவர் வீட்ல சும்மா சும்மா போன் பண்றாங்க. இத விட்டா வேற இடமும் இல்ல.”

நான் கால்மாட்டுக்குப் போனேன். புல்லைப் பெயர்த்து மண்ணை வழித்தேன். பாசி பிடித்துக் கறுத்த சிமெண்டு. கட்டை விரலால் தேய்த்துக்கொண்டே வந்தேன். ஒன்றுமில்லை. பொய்க்காரப் பயல் என்று சொல்ல வாயெடுத்தேன்.

விரல் இடறியது.

எச்சில் தொட்டுத் தேய்த்தேன். நீலம்.

ஹெப்சி வாயைப் பொத்திக்கொண்டாள். அவளைப் பார்த்தால் எனக்கும் ஏதாவது ஆகிவிடும். பார்க்கவில்லை.

“எழுதும்மா. கோலி கீது, நிதானமா வான்னு எழுது. ஜெயவேலு சொன்னான்னு போடு.”

குனிந்து எழுதினாள். என் பேரும் நெட்டில் ஏறிவிட்டது.

“கோலி சரிப்பா,” என்றார் தேவானந்தம் சார். “ஐஸ் பெட்டியில இருக்கிறவருக்கு என்ன பதில் சொல்றது?”

நியாயமான கேள்விதான். கடப்பாரையையும் மண்வெட்டியையும் தோளில் போட்டுக்கொண்டு வேப்ப மரத்தடிக்கு நடந்தேன். அங்கே ரோசம்மாள் என்று ஒரு கல். பக்கத்தில் ஓர் ஆள் நீளத்துக்கு வெறும் தரை. அளவு பார்த்துக் கடப்பாரையை இறக்கினேன்.

தேவானந்தம் சார் பின்னாலேயே ஓடி வந்தார்.

“யோவ், அது உன் சம்சாரம் பக்கத்துல உனக்குன்னு கமிட்டி குடுத்த இடம்யா.”

“எனக்கு இன்னா சார் அவசரம். நகருங்க, மண்ணு தெறிக்கும்.”