நாற்பத்தைந்து கிலோ

"உங்க தராசு கள்ளத் தராசு, சிஸ்டர். தூக்கிக் காயல் தண்ணியில போடுங்க."

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கத்தினான் சுப்புராஜ். மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கில் எடை போடுகிறவன். ஆலுவாவுக்கு லோடோடு போயிருந்த நேரத்தில், அவன் மனைவி பேச்சிக்கு ஏழாம் மாசத்திலேயே வலி கண்டுவிட்டது. அவளோடு மிளகு புடைக்கிற சுலைஹாதான் ரிக்‌ஷாவில் ஏற்றி வந்தாள். சுப்புராஜ் வந்து சேர்வதற்குள் குழந்தை பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டது.

நர்ஸ் மெதுவாகத்தான் பேசினாள்.

"சேட்டா, மூணாம் மாசம் வந்தப்போ நாற்பது கிலோ. ஏற்கெனவே மெலிஞ்ச உடம்பு, எடை ஏறலைன்னா குழந்தை முந்திப் பிறந்துடுமோன்னு பயம், மாசாமாசம் வாங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அப்புறம் ஆளையே காணலை. இன்னிக்கு நிறுத்தா நாற்பத்தொண்ணு."

"நாற்பத்தஞ்சு. போன வாரம்தான் எங்கிட்ட சொன்னா. நான் சாயா குடிக்கிறதை விட்டுட்டு அவளுக்குப் பாலும் முட்டையும் வாங்கிப் போட்டேன். அதெல்லாம் எங்கே போச்சு? விவரம் தெரிஞ்ச நாள்லேருந்து தராசு பிடிக்கிறவன் நான். எங்கிட்டேயேவா?"

"பாவம், ஏழைன்னா எல்லாருக்கும் இளக்காரம்" என்றார் பெஞ்சில் இருந்த ஒருவர்.

சுப்புராஜின் குரல் இறங்கியது.

"குழந்தை பிழைச்சுக்குமா, சிஸ்டர்?"

"இப்போ ஒண்ணும் சொல்ல முடியாது. மூச்சு விடவே கஷ்டப்படுது." நர்ஸ் கேட்டாள். "ஆமா, நாற்பத்தஞ்சுன்னு எங்கே நிறுத்தீங்க?"

"இங்கேதான். வேறே எங்கே? கேளுங்க, இவதானே கூட வந்தா."

சுலைஹா முந்தானையைக் கசக்கினாள்.

"இல்லண்ணே. இங்கே வந்து வரிசையில நின்னா வேலை கெட்டுப்போகும்னு அவ வரவே இல்லை. நீங்க மத்தியானம் சாப்பிடப் போனதும், நம்ம கிடங்குத் தராசுல ஏறி நிப்பா. நான்தான் நிறுப்பேன். முதல் தடவையே நாற்பத்துநாலு காட்டிச்சு. அன்னிக்கு அவ முகத்தைப் பார்க்கணுமே."

"கிடங்குத் தராசுலயா?" என்றான் சுப்புராஜ்.

"எடைதான் ஏறிடுச்சே, இனி எனக்கு முட்டை எதுக்குன்னு சொல்லிட்டா. பிறகு அவ முட்டையும் உங்க தூக்குச்சட்டிக்குத்தான் வந்துச்சு. நாள் பூரா நின்னு வேலை பார்க்கிற மனுஷன், அவர் தின்னட்டும்னா."

"சுலைஹா..."

"நான் கேட்டேண்ணே. 'ஏட்டி, மூட்டை நிறுக்கிற தராசு, அது சரியாக் காட்டுமா'ன்னு. 'எங்க வீட்டுக்காரர் கை பட்ட தராசு, அதுவா பொய் சொல்லும்'னு சிரிச்சா."

சுப்புராஜ் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

விற்கிற மூட்டை கனத்துக் காட்டட்டும் என்று முதலாளி சொல்ல, அந்தத் தராசுப் பலகைக்கு அடியில் நாலு கிலோ ஈயத்தை இறுக்கிக் கட்டி வைத்தது அவன் கைதான்.