சிவப்புக்குப் போன முள்

நடுக்கடலில் விசைப்படகு ஓடிக்கொண்டிருந்தபோது, இன்ஜினின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது.

"அண்ணே, கொதிக்கிறீங்க!" என்று கத்தியது.

"நானா? பத்து வருசமா ஓடுறேன்டா. கிறுக்கு உனக்குத்தான்" என்று உறுமியது இன்ஜின்.

டிரைவர் ரொசாரியோவும் முள்ளின் கண்ணாடியைத்தான் நங்கு நங்கென்று தட்டினார். முள்ளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சூடு அவனுக்கு, குட்டு எனக்கா!

இன்ஜினைக் குளிர்வித்துச் சூடேறிய கடல்நீரைப் படகின் பக்கவாட்டில் துப்பும் குழாயை அது விசாரித்தது. "கடைசியா எப்பப்பா துப்புனே?"

"டிரைவர் சாப்பிட்டு முடிக்கிறவரை துப்புனேன். அப்புறம் வாயே நனையல. யாரும் கேக்கல, நானும் சொல்லல."

இனி எத்தனை குட்டு விழுந்தாலும் இறங்குவதில்லை என்று முள் சிவப்பிலேயே விறைத்து நின்றது. கடைசியில் தட்டிச் சலித்த டிரைவர் வெளியே எட்டிப் பார்த்தார். குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பதறி இன்ஜினை நிறுத்தி, கடல்நீர் உள்ளே வரும் வடிகட்டியைத் திறந்தார். சாப்பிட்டுவிட்டு அவரே கடலில் வீசிய பரோட்டா கவர், உள்ளே சுருண்டு அடைத்திருந்தது.

கவரை உருவியெடுத்து, சூடு ஆறியதும் மறுபடி ஓட்டினார். குழாய் குபுகுபுவென்று துப்பியது. முள் ஜம்மென்று பச்சையில் போய் உட்கார்ந்தது. டிரைவர் துண்டை எடுத்து அதன் கண்ணாடியைத் துடைத்துவிட்டார்.

இன்ஜின் கொஞ்ச தூரம் சீராக ஓடியது. பிறகு மெல்லக் கேட்டது:

"தம்பி, இப்ப நான் எப்படி இருக்கேன்?"