அவுரி நிலம்

இடுப்பு கழன்றுவிடும் போல வலித்தது. காலையிலிருந்து அவுரித் தொட்டிக்குள் நின்று, நீலம் திரள்வதற்காகத் துடுப்பால் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தோம். மேஸ்திரி மேட்டில் வந்து நின்றார். "போதும், ஏறுங்கடா. சீமையிலயே செடியில்லாம நீலத்தை அடுப்புல காய்ச்சுறானாம். நம்ம சரக்கு விலை போகலை. துரை கப்பலேறிட்டாரு." "ஏறினா சவுக்கடி உண்டா மேஸ்திரி?" என்றான் என் பக்கத்தில் துடுப்போடு நின்ற காத்தான். மேஸ்திரியே சிரித்துவிட்டார். தொடைவரை நீலத்தோடு வயலுக்கு ஓடிப்போய் என் பெண்டாட்டி பொன்னுருவியிடம் சொன்னேன். "அப்போ நம்ம நிலத்துல இனி கம்பு போடலாமா?" என்றாள். "போடு. யாரு கேக்கப்போறா." அவள் ஓர் அவுரிச்செடியை வேரோடு பிடுங்கிவிட்டுச் சுற்றிலும் பார்த்தாள். யாரும் அதட்டவில்லை. இன்னொன்றைப் பிடுங்கினாள். துரைக்கு அவுரி விளைத்த அந்த நிலம், பஞ்சத்தில் செத்த எங்கள் மகளுக்கு ஒரு வேளைக் கூழ் இன்னும் கடன்பட்டிருக்கிறது.