பூஜ்ஜியம்

கதவைத் தட்டிய மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரியின் கையில் பளபளவென்று ஒரு கேடயம் இருந்தது.

"வாழ்த்துகள்மா! இந்தக் காலாண்டுக்கான 'சுத்தமான கடற்கரை' விருது நம்ம கரைக்குத்தான். வாராவாரம் கரையில ஒதுங்குற பிளாஸ்டிக்கை எண்ணி எங்களுக்கு அனுப்புறாரே உங்க வீட்டுக்காரர், அவர் கையிலயே இதைக் கொடுக்கலாம்னு வந்தேன்."

அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"சுத்தமா? எந்தக் கண்ணால பார்த்தீங்க? நேத்து மருந்து வாங்கிட்டு அந்த வழியாத்தான் வந்தேன். பாட்டில், பை, அறுந்த வலைன்னு கால் வைக்க இடமில்ல."

"நாங்க எதுக்கும்மா பார்க்கணும்? அவர் கணக்குதான் எங்களுக்கு வேதவாக்கு. முன்னெல்லாம் மூட்டை மூட்டையா எழுதுவாரு. இந்த மூணு மாசத்துல அவர்கிட்டேருந்து ஒரு பாட்டில் மூடிகூட கணக்குல வரல. பூஜ்ஜியம்!"

அவள் உள்ளறைக் கதவைப் படாரென்று தள்ளித் திறந்தாள். கட்டிலில், தொடைவரை மாவுக்கட்டுடன் கணவர் படுத்திருந்தார்.

"எண்ணுறதுக்கு இந்த ஊர்ல இருந்ததே இவர் ஒருத்தர்தான். உங்க சுத்தமான கடற்கரையில கிடந்த நைலான் வலை காலைச் சுத்தி, பாறை மேல விழுந்து மூணு மாசமா இப்படிக் கிடக்காரு. உங்க ஆபீசுக்கு எத்தனை தடவை போன் பண்ணேன்! ஒருத்தராவது எடுத்தீங்களா?"

அதிகாரி மெல்லக் கட்டிலருகே போய், கேடயத்தைத் தலையணைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குனிந்து கேட்டார்.

"எழுந்து நடக்க இன்னும் எத்தனை நாள் ஆகும்னு டாக்டர் சொன்னாரு சார்? அடுத்த காலாண்டும் பூஜ்ஜியம்னு வந்துட்டா, நமக்கு தேசிய விருதே கிடைச்சிடும்!"