அரை மணி நேர அழுகை

வெங்காயம் வெட்டி முடித்து அரை மணி நேரமாகியும் கணவனின் கண்ணீர் நிற்கவில்லை. சமையலறைத் தரையில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தான். பன்னிரண்டு வருடங்களாகச் சாப்பிட்ட மனநல மாத்திரையை டாக்டர் ஏழு மாதங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வந்தார். தலைசுற்றல், தூக்கமின்மை எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கியவன் அவன்.

மனைவி பதறிப்போய் டாக்டருக்குப் போன் போட்டாள்.

“வீட்ல ஏதாவது துக்கமாம்மா?”

“ஒண்ணுமே இல்ல டாக்டர். பழைய அளவே குடுத்துடலாமா?”

“அவர்கிட்ட போனைக் குடுங்க.”

அவன் விம்மலுக்கு நடுவே சொன்னான்: “அம்மா செத்துட்டாங்க டாக்டர்.”

மனைவி திடுக்கிட்டு அவனைப் பார்த்தாள். மாமியார் இறந்து ஒன்பது வருடமாகிவிட்டதே! புத்தி பேதலித்துவிட்டதா?

“ஒன்பது வருஷமாச்சு டாக்டர். அன்னிக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரல. கல்நெஞ்சன்னு ஊரே பேசுச்சு. அழணும்னு தவிச்சேன், முடியல. இப்பதான் வருது.”

டாக்டர் சொன்னார்:

“நல்லா அழுங்க. அந்த மாத்திரை சிலருக்கு அழுகையையும் சேர்த்து அடக்கிடும். இப்போதைக்கு அளவைக் கூட்டவும் வேணாம், இன்னும் குறைக்கவும் வேணாம். நாளைக்கு ரெண்டு பேரும் வாங்க.”

ஊரோடு சேர்ந்து தானும் அவனைக் கல்நெஞ்சன் என்றே நினைத்திருந்த மனைவி, அதிசயத்தைக் கண்டவள்போல் அவன் முகத்தையே பார்த்தபடி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அத்தையைப் பத்திப் பேசுங்க,” என்றாள். “நான் கேக்கறேன்.”